தொப்புள் கல்லில் நண்பகல்

இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள்.

முதல் முறை, பெண்ணின் அத்தை அமாஸ்யாவிலிருந்து வருகிறாள் என்றார்கள். இரண்டாம் முறை, பெண்ணுக்குத் தலைவலி என்றார்கள். தலைவலிக்கு ஹம்மாமின் வெந்நீர்க் குளியலை விட நல்ல மருந்து ஏது? நான் கேட்கவில்லை. மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே வீட்டுக்குப் போய்ப் பார்த்தாகிவிட்டது. மெலிஹா காப்பி கொண்டு வந்தாள். காப்பி கிடைக்காத வருஷம் அது. கொண்டைக்கடலையை வறுத்துப் பொடித்துப் போட்டிருந்தார்கள். குனிந்த தலை, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை பாவாடை. நான் பார்த்தது தட்டைத்தான். தட்டு நன்றாக இருந்தது. மற்றதை ஹம்மாமில், ஊர்ப் பெண்கள் சேர்ந்து குளிக்கிற இடத்தில்தான் பார்க்க முடியும். அதைத்தான் அவர்கள் தள்ளிப்போட்டார்கள்.

பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. அப்பா இல்லை. அம்மா ஹம்தியே தலையணை உறை தைக்கிறாள். இருபத்திரண்டு வயது வரை ஒருத்தரும் கேட்டு வரவில்லை என்றால் காரணம் இருக்கும். தோலில் வெள்ளை இருக்கலாம். ஒரு கால் குட்டையாக இருக்கலாம். வாய் நாறலாம். ஜடை சவுரியாக இருக்கலாம். துணிக்குள் எதையும் மறைக்கலாம். தண்ணீருக்குள் மறைக்க முடியாது.

என் மகன் ரிஃப்கிக்கு இருபத்தொன்பது. கடைத்தெருவில் சேணக் கடை. குடி இல்லை, சூது இல்லை. ஊர் அப்படித்தான் சொல்லும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை சூப்பில் உப்பு கூடிவிட்டது.

புதன்கிழமை மாலை ஹம்தியே ஆள் அனுப்பினாள். நாளைக்கு வருகிறோம், வியாழக்கிழமை, உங்களுக்குத் தோதா என்று கேட்டாள். இரண்டு வாரம் என் உடம்பில் ஒரு தடமும் இல்லாதபோது வராதவர்கள், இப்போது வருகிறார்களாம். என் இடது மேல்கையில் நான்கு விரல் தடம் இருந்தது. உள்பக்கம் ஒரு கட்டைவிரல். தோள்பட்டைக்குக் கீழே, கதவுத் தாழ்ப்பாளில் இடித்த இடம் கருத்திருந்தது. ரிஃப்கியின் அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். தள்ளிப்போடுகிற வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தோதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

கல்யாணம் ஆனால் அடங்கிவிடுவான். எல்லோரும் மகன்களைப் பற்றி இதைச் சொல்கிறார்கள். அடங்காவிட்டாலும் வீட்டில் இன்னொருத்தி இருப்பாள். கோபம் இரண்டாகப் பிரியும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டபோதும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

வியாழக்கிழமை காலை ஹம்மாம் மூட்டையைக் கட்டினேன். துண்டுகள், செம்புக் கிண்ணம், சோப்பு, கட்டைச் செருப்பு, திராட்சை இலைச் சுருள் ஒரு டப்பா, நான்கு ஆரஞ்சு. அகலமான துண்டு ஒன்றைக் கூடுதலாக வைத்தேன், தோளில் போட்டுக்கொள்ள.

ரிஃப்கி வாசலில் நின்று ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நல்லாப் பாத்துட்டு வா. போன தடவை மாதிரி ஆகக் கூடாது."

"பாக்கறேன்."

"சாயங்காலம் சேதி சொல்லிடணும். இழுத்துக்கிட்டே கிடக்கக் கூடாது."

"சரி."

"என்ன சரி? மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மூஞ்சியைப் பார்த்து, சரி என்றேன்.

போன தடவை என்பது நிக்ஸார் ஊர்ப் பெண். நிச்சயம் ஆகி, முறிந்து, மூன்று வருஷம் ஆகிறது. சந்தை நாளில் பாலத்தின் மேல் ரிஃப்கி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவளுடைய அண்ணன் வந்து மோதிரத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான். ஊர் காரணம் கேட்டது. பெண்ணின் ஜடை சவுரி, நான்தான் ஹம்மாமில் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். ஊர் நம்பியது. ஹம்மாமில் பார்த்தேன் என்றால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

எங்களுடையது இரட்டை ஹம்மாம். ஆண்கள் பக்கத்துக்குப் பெரிய தெருவில் வாசல். பெண்கள் பக்கத்துக்குச் சந்தில் வாசல். ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர், நடுவில் ஒரு சுவர். வியாழக்கிழமைகளில் ரிஃப்கி மதியமே கடையை மூடிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குளிப்பான்.

தேய்ப்புக்காரி ஹுர்முஸ் முன்கூடத்தின் நீரூற்றுப் பக்கத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது. தோள்கள் சுமைதூக்கிக்கு இருப்பது போல. ஊரில் பாதிப் பேரின் முதுகு அவளுக்குத் தெரியும்.

"வாங்க முக்ரிமே அக்கா. பொண்ணு பாக்கவா, குளிக்கவா?"

"ரெண்டும்தான்."

"குளிக்க வந்தவங்க முதுகக் காட்டுவாங்க. நீங்க ரெண்டு வருஷமா எங்கிட்டக் காட்டலியே. என் கை அவ்வளவு முரடாயிடுச்சா?"

"தோல் எரியுதுடி."

"தோலப் பத்தி எங்கிட்டச் சொல்லாதீங்க. ஆட்டுக்காரன்கிட்ட ஆட்டுக் கதை சொல்ற மாதிரி இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நான் துண்டைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டதை அவள் பார்த்தாள். அவள் பார்க்காதது ஒன்றும் இல்லை. அதனால்தான் இரண்டு வருஷமாக அவளிடம் முதுகைக் காட்டவில்லை.

"அவங்க வந்தாச்சா?"

"வந்தாச்சு. மூலை அறையில இருக்காங்க. வாசல்ல துணி கட்டியிருக்காங்க."

"துணியா? எதுக்கு?"

ஹுர்முஸ் தோளைக் குலுக்கினாள்.

வெந்நீர்க் கூடத்தில் நான்கு மூலைக்கும் நான்கு சிறு அறைகள். அங்கே வெளிச்சம் போகாது. நீராவியும் இருட்டும்தான். புது மணப்பெண்ணும், தீட்டுக் குளியலுக்கு வருகிறவளும், வெட்கப்படுகிறவளும் அங்கே போவார்கள். பெண் காட்ட வருகிறவர்கள் போக மாட்டார்கள். பெண் காட்டுவது என்றால் நடுவில், தொப்புள் கல்லில்தான். எட்டுப் பட்டையாகச் செதுக்கிய அகலமான சலவைக்கல். அடியில் நெருப்புக் காற்று ஓடும். அதற்கு நேர் மேலே பெரிய குவிமாடம். குவிமாடம் முழுக்கக் கண்ணாடிக் குமிழ்கள், யானைக் கண் என்போம். நண்பகலில் வெயில் அந்தக் கண்கள் வழியாக நேராகக் கல்லில் இறங்கும். காசு காசாக, வட்ட வட்டமாக. அந்த வெளிச்சத்தில் ஒரு மச்சம் தப்பாது.

நான் வேண்டுமென்றேதான் நண்பகலுக்குச் சொல்லியிருந்தேன்.

வேறு ஒரு காரணமும் உண்டு. மூலை அறையில் என்ன பேசினாலும் தண்ணீர்ச் சத்தம் தின்றுவிடும். தொப்புள் கல்லில் முணுமுணுத்தால் குவிமாடம் அதை எடுத்து நான்கு மூலைக்கும் கொடுக்கும். குறை என்று ஒன்று தெரிந்தால் பத்துப் பேர் காதில் விழ வேண்டும். அப்போதுதான் நாளைக்கு யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு பதினான்கு பெண்கள் இருந்தார்கள். ரொட்டிக்காரன் மனைவி கல்லின் ஓரத்தில் மல்லாந்து படுத்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். நல்ல கனம். படுத்தால் கல்லில் கால்வாசி அவளுடையது.

"நகருங்க" என்றேன்.

"அடுத்த வாரம் நகர்றேன்" என்றாள். நகர்ந்தாள். "பொண்ணு அந்த மூலையில இருக்கு. ஒரு மணி நேரமா வெளிய வரல. கோழி அடைகாக்குற மாதிரி இருக்காங்க ரெண்டு பேரும்."

அறை வாசலில் பழைய படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். நான் விலக்கினேன். இருட்டில் இரண்டு உருவங்கள். ஹம்தியே சட்டென்று எழுந்தாள்.

"வாங்க முக்ரிமே ஹானும், வாங்க. இப்படி உக்காருங்க. இங்கதான் தண்ணி சூடா வருது."

"இருட்டா இருக்கே."

"கண்ணுக்குக் குளிர்ச்சி."

"நான் கண்ணக் குளிரவைக்க வரல, ஹம்தியே. வாங்க, கல்லுல உக்காருவோம்."

"அங்க ஒரே கூட்டம். பொண்ணு கொஞ்சம் கூச்சம்..."

"பொம்பளைங்க முன்னாடி என்ன கூச்சம்?"

அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தாள். வலது கை. நல்லவேளை. மறைக்கிறார்கள். நிச்சயமாக மறைக்கிறார்கள். வெள்ளைதான். முதுகிலோ தொடையிலோ வெள்ளை.

"நான் வரேன் பெரியம்மா" என்றாள் பெண், இருட்டிலிருந்து.

"மெலிஹா!" என்றாள் அம்மா.

"எவ்வளவு நேரம்மா உள்ளயே உக்காந்திருக்கறது? வெந்துருவோம்."

அவள் வெளியே வந்தாள். நான் முதலில் நடையைப் பார்த்தேன். ஈரச் சலவைக்கல்லில் கட்டைச் செருப்போடு நடந்தாள். இரண்டு காலும் ஒரே சத்தம். நொண்டல் இல்லை. இடுப்புத் துண்டின் ஒரு ஓரத்தை மட்டும் கையில் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா அது, விட மாட்டேங்கற?"

"அவிழ்ந்துடும்."

அந்தக் கையை நான் கண்ணிலேயே வைத்துக்கொண்டேன்.

கட்டிப்பிடித்து முகம் சேர்த்தேன். முறைதானே. மூச்சில் சோம்பு வாசனை. சோம்பு மென்றுவிட்டு வந்திருக்கிறாள். எதை மறைக்க? கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தேன், சோம்பு தீரட்டும் என்று. ரொட்டி சுடத் தெரியுமா, தைக்கத் தெரியுமா, இலைச் சுருளுக்கு அரிசியை வேகவைத்துப் போடுவாயா, பச்சையாகவா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மறுபடியும் முகத்தை அருகில் கொண்டுபோனேன். வாசனை ஒன்றும் இல்லை.

"முடிய அவுத்து விடறேன், திரும்பு."

ஜடையைப் பிடித்து இழுத்தேன். அவிழ்ப்பது போல இழுக்கவில்லை. கிணற்று வாளியை இழுப்பது போல இழுத்தேன். அவள் தலை பின்னால் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேர் பலமா இருக்கா, பெரியம்மா?" என்றாள்.

குவிமாடம் அதை எடுத்துக்கொண்டது. ரொட்டிக்காரன் மனைவி சிரித்தாள். மூலையில் யாரோ கிண்ணத்தைக் கல்லில் தட்டிச் சிரித்தாள்.

"பலம்தான்" என்றேன்.

"இன்னொரு தடவ வேணும்னாலும் இழுங்க. நிக்ஸார்ல ஒரு பொண்ணுக்குக் கையோட வந்துருச்சாமே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்க முயன்றேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

மணி பன்னிரண்டு ஆகியிருக்க வேண்டும். வெளிச்ச வட்டங்கள் கல்லின் நடுவுக்கு வந்துவிட்டன. நான் தேய்ப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் முதுகைத் தேய்த்தேன். தோள், முதுகெலும்பு, விலா, இடுப்பு. கைகளைத் தூக்கச் சொன்னேன். முழங்கால்களைப் பார்த்தேன். பாதங்களைப் பார்த்தேன். வெள்ளை இல்லை. தழும்பு இல்லை. ஒன்றும் கிடைக்காதபோதுதான் சந்தேகம் பெருகும். ஒன்றும் இல்லாமலா துணி கட்டினார்கள்? ஒன்றும் இல்லாமலா இரண்டு முறை தள்ளினார்கள்? அந்தக் கை இன்னும் இடுப்புத் துண்டின் ஓரத்தை விடவில்லை.

"தொடையத் தேய்க்கணும். கைய எடு."

"அது போதும் பெரியம்மா."

"எடும்மா."

அவள் கையை எடுத்தேன். நானே எடுத்தேன், விரல் விரலாக.

துண்டில் ஒட்டு இருந்தது. ஒன்று அல்ல, மூன்று. பழைய துண்டு, கோடுகள் வெளுத்துப்போனது. கிழிந்த இடங்களில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தார்கள். தையல் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக இருந்தது. நன்றாகக் கண் தெரிகிறவளால் மட்டும்தான் அப்படித் தைக்க முடியும். ஹம்தியேவைப் பார்த்தேன். அவள் துண்டிலும் ஒட்டு. பெண் காட்டும் நாளுக்கு வெள்ளிக் குமிழ் வைத்த கட்டைச் செருப்பும், சரிகை போட்ட துண்டும் கொண்டு வருவார்கள். அவர்களிடம் இல்லை. அதுதான் இருட்டு அறை. அதுதான் தலைவலி, அத்தை, எல்லாமே.

ஹம்தியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் துண்டை இருந்தபடியே மடித்து விட்டேன்.

பெண்ணிடம் குறை இல்லை. எனக்கு மருமகள் கிடைத்துவிட்டாள். மாலையில் ரிஃப்கியிடம் சேதி சொல்லலாம்.

"இப்ப என் முறை" என்றாள் மெலிஹா. என் கையிலிருந்து கையுறையை வாங்கிக்கொண்டாள். "திரும்புங்க. முதுகு தேய்ச்சு விடறேன்."

இது எனக்குத் தெரியாதது அல்ல. பெரியவள் சின்னவளைப் பார்ப்பாள். பிறகு சின்னவள் பெரியவளின் முதுகைத் தேய்ப்பாள். தேய்க்க விட்டால் பெண் பிடித்திருக்கிறது என்று பொருள். முதுகைக் காட்டாமல் எழுந்து போனால் வேண்டாம் என்று பொருள். வாயால் சொல்லத் தேவையில்லை. எழுந்து போகிறவளைப் பதினான்கு பேர் பார்ப்பார்கள். நாளைக்கு இந்தப் பெண்ணைப் பற்றி ஊர் பேசும். என்ன குறை கண்டாள் முக்ரிமே என்று கேட்கும்.

இதெல்லாம் தெரிந்துதான் அகலத் துண்டு கொண்டு வந்தேன். மூலை அறை இருட்டாக இருந்திருந்தால் அதுவும் தேவைப்பட்டிருக்காது. அந்த இருட்டிலிருந்து அவர்களை இழுத்து வந்தவளும் நான்தான்.

"வலது பக்கம் மட்டும் தேய்ச்சாப் போதும். இடது தோள்ல வாயு" என்றேன்.

"வாயுவுக்குத்தான் தேய்க்கணும்."

அவள் என் தோள் துண்டை விலக்கினாள். நான் பிடித்தேன். ஈரத் துணி, சோப்புக் கை. வழுக்கிப் போனது.

அவள் கை முதுகில் இரண்டு முறை மேலும் கீழும் போனது. பிறகு நின்றது.

வெளிச்ச வட்டம் ஒன்று என் தோள் மேல் சூடாக இருந்தது. இன்னொன்று மேல்கையில். பார்க்காமலே தெரிந்தது. சூட்டில் தோல் சிவந்துவிடும். சிவந்த தோலில் கருப்பு இன்னும் கருப்பாகத் தெரியும். அதை நான் நினைக்கவில்லை. அத்தனையும் கணக்குப் போட்டேன், அதைப் போடவில்லை.

மெலிஹா கையுறையைக் கழற்றினாள். தன் விரல்களை என் மேல்கையில் வைத்தாள். அழுத்தவில்லை. நான்கு தடத்தின் மேல் நான்கு விரல். உள்பக்கம் கட்டைவிரல். அவள் கை சின்னது. தடம் அவள் விரல்களைத் தாண்டி இரண்டு பக்கமும் தெரிந்தது.

"யாரு பெரியம்மா?" என்றாள்.

மெதுவாகத்தான் கேட்டாள். குவிமாடம் அதை எல்லோருக்கும் கொடுத்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொட்டிகளிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் எதற்கோ சிரித்தார்கள்.

ஹம்தியேதான் முதலில் பேசினாள்.

"விழுந்திருப்பாங்க. இந்தக் கட்டைச் செருப்பு யாரத்தான் விட்டுச்சு? போன மாசம் நான் விழல? இல்லியா ஹானும்? விழுந்துட்டீங்கதானே?"

அவள் கண் என்னைக் கெஞ்சியது. அவளுக்கும் இந்தச் சம்பந்தம் வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண், ஒட்டுப் போட்ட துண்டு.

"வழுக்கும், வழுக்கும்" என்றாள் ரொட்டிக்காரன் மனைவி. அவள் குரலில் சிரிப்பு இல்லை.

எனக்காக எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யைத் தயார் செய்து கையில் கொடுத்தார்கள். தலையை ஆட்டினால் போதும். அடுத்த மாதம் நிச்சயம், அறுவடை முடிந்ததும் கல்யாணம். வீட்டில் இரண்டு பேர். இந்தச் சின்னக் கை சூப்புக்கு உப்புப் போடும்.

நிக்ஸார்ப் பெண்ணைப் போன ரமலானில் சந்தையில் பார்த்தேன். முக்காட்டை நெற்றி வரை இறுக்கிக் கட்டியிருந்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தலை நிறைய முடி வைத்துக்கொண்டு, அதை யாரிடமும் காட்ட முடியாமல் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் போனாள்.

"விழல" என்றேன்.

ரொட்டிக்காரன் மனைவி எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல ஆம்பள ஒருத்தன்தான்" என்றேன். "நிக்ஸார்ப் பொண்ணோட ஜடை நெஜ முடி. நான்தான் பொய் சொன்னேன்."

என் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது. வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

ஹம்தியே இரண்டு அடி முன்னால் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"துண்டப் பாத்துட்டீங்க" என்றாள். "ஒட்டப் பாத்துட்டீங்க. அதான். ஏழை வீட்டுப் பொண்ணு வேண்டாம்னு நேராச் சொல்ல வாய் வரல. அதுக்கு, பெத்த மகனையே அடிக்கிறவன் ஆக்கிட்டீங்க. இப்படி ஒரு தந்திரத்த நான் பாத்ததே இல்ல."

"ஹம்தியே..."

"எங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா?"

"அம்மா" என்றாள் மெலிஹா. "கையப் பாரு."

"பாத்துட்டேன்!"

"நல்லாப் பாரு. கிட்ட வந்து பாரு. செருப்பு வழுக்கினா இப்படியா வரும்?"

ஹம்தியே கிட்ட வந்தாள். பார்த்தாள். நான் பார்த்தது போலவே பார்த்தாள், குறை தேடுகிற கண்ணோடு. பிறகு கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் துண்டின் ஒட்டைக் கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்திருக்கப் போனேன். மெலிஹா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள், வலது தோளை.

"பாதி முதுகோட எங்க போறீங்க?"

மீதியைத் தேய்த்து முடித்தாள். இடது பக்கம் கையுறை போடாமல், வெறும் நுரையால். ஏழு கிண்ணம் தண்ணீர் ஊற்றினாள். அதற்கு இப்போது ஒரு பொருளும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். இலைச் சுருள் டப்பாவை அவர்களிடமே விட்டுவிட்டு வந்தேன்.

முன்கூடத்தில் உடுத்திக்கொள்ளும்போது ஹுர்முஸ் என் மூட்டையைக் கட்டினாள். குவிமாடம் அவள் காதுக்கும் கொண்டுபோயிருக்கும்.

"நான் தூக்கிட்டு வரேன்" என்றாள்.

"உனக்கு வேலை இருக்கு."

"வேலை எங்கயும் ஓடாது. அழுக்கு தீந்துடவா போகுது?"

"ஏன் ஒண்ணும் கேக்கல நீ? ரெண்டு வருஷமா?"

"கேட்டா நீங்க இங்க வர்றதையும் நிறுத்தியிருப்பீங்க" என்றாள். "வாங்க."

சந்தில் இறங்கினோம். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அது ரிஃப்கியின் காதுக்கு வேறு யார் வழியாகவும் போகக் கூடாது. பகல் வெளிச்சம் இருக்கும்போதே, கதவு திறந்திருக்கும்போதே, நானே சொல்லிவிட வேண்டும். வழி நெடுக இதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். ஹுர்முஸ் எதற்காகக் கூட வருகிறாள் என்றும் நினைத்தேன். பார்த்ததை ஊருக்குச் சொல்லவா, எனக்காகவா? சந்தேகப்பட்டே வந்த அத்தனை வருஷப் பழக்கம் ஒரு மதியத்தில் போகாது.

ரிஃப்கி முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். தலை ஈரமாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே தண்ணீரில் குளித்துவிட்டு எனக்கு முன்பே வந்துவிட்டான்.

"என்ன?" என்றான். பிறகு ஹுர்முஸைப் பார்த்தான். "இவங்க எதுக்கு?"

"மூட்ட கனம்" என்றாள் ஹுர்முஸ்.

"வெச்சுட்டுப் போங்க."

"காப்பி குடிச்சுட்டுப் போவா" என்றேன்.

ஹுர்முஸ் மூட்டையை வாசல் படியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். முற்றத்துப் பலகையில் நடுவாக உட்கார்ந்தாள். "ரெண்டு கப்" என்றாள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். கொண்டைக்கடலைப் பொடியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

"பொண்ணுகிட்ட என்ன குறை?" என்றான் ரிஃப்கி.

"குறை இல்ல."

"சவுரியா?"

"இல்ல. நல்ல பொண்ணு. கெட்டிக்காரப் பொண்ணு."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க? என்னைக்கு நிச்சயம்?"

"நிச்சயம் இல்ல."

"ஏன்?"

"என் கையப் பாத்தாங்க. யாருன்னு கேட்டாங்க. சொன்னேன்."

அவன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நான் அடுப்பை விட்டு நகரவில்லை. கொதிக்கும் பாத்திரத்தின் பிடி என் கையில் இருந்தது.

"உக்காரு" என்றாள் ஹுர்முஸ்.

"நீங்க இதுல தலையிடாதீங்க."

"பொறந்த நாப்பதாம் நாள் உன்னத் தொப்புள் கல்லுல போட்டுக் குளிப்பாட்டுனது நான்தான். வாத்து முட்ட ஓட்டால தண்ணி ஊத்துனேன். ஏழு வயசுல, இவன் பார்வை சரியில்ல, இனிமே அப்பாவோட போகட்டும்னு பொம்பளைங்க பக்கத்துலேருந்து விரட்டுனதும் நான்தான். உக்காரு. எனக்கு அண்ணாந்து பேசக் கழுத்து வலிக்குது."

"வெளிய போங்க."

"காப்பி வரட்டும்."

அவன் உட்காரவில்லை. கிட்டேயும் வரவில்லை. கதவு திறந்திருந்தது. சந்தில் ரொட்டிக்காரன் மனைவி ஈரத் தலையோடு போனாள். போனவள் திரும்பி வந்து, எதிர்வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று, ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். அவர்கள் உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமலே நின்றார்கள்.

ரிஃப்கி அவர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எத்தனை நேரம் இவர்கள் நிற்பார்கள் என்று அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. அதே கணக்கை நானும் போட்டுக்கொண்டிருந்தேன்.

காப்பியைக் கப்பில் ஊற்றினேன். இரண்டு ஹுர்முஸுக்கு. ஒன்று எனக்கு.

"ஹம்மாமுக்கு மேல எனக்கு ஒரு ரூம் இருக்கு" என்றாள் ஹுர்முஸ், கப்பை ஊதிக்கொண்டே. "அடுப்புச் சூடு சுவர் வழியா வரும். குளிர்காலத்துல நல்லாருக்கும்."

நான் வாசலைப் பார்த்தேன். மூட்டை படியிலேயே இருந்தது. துண்டு ஈரம். பிரித்து உலர்த்தாவிட்டால் நாறிவிடும்.

நான் அதைப் பிரிக்கவில்லை.